பாதி மண்டையோட்டைப் பாதியாகவே செய்வது

இந்த மழைக்காலம் முழுக்க, ஏறக்குறைய ஒன்பது வாரம், என் மேசையில் ஒரே வேலைதான். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய ஓர் ஓங்கிலின் (டால்ஃபினின்) மண்டையோட்டையும் கீழ்த்தாடையையும் நிஜ அளவில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, ஒட்டி, நிறம் பூசி, ஒரு பலகைமேல் நிற்க வைத்திருக்கிறேன். அதன் அறிவியல் பெயர் இஸ்த்மினியா பனமென்சிஸ். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் தடுமாறிய இடங்கள் உதவும் என்பதால், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதைத் தொடங்கி வைத்தது என் அக்கா மகள். அவள் பெயர் இனியா, எட்டாம் வகுப்பு. தன் பெயரை இணையத்தில் தேடியபோது அமேசான் ஆற்றின் இளஞ்சிவப்பு ஓங்கில் வந்து நின்றிருக்கிறது. "மாமா, என் பேரை எதுக்கு டால்ஃபினுக்கு வச்சிருக்காங்க?" என்று போன் செய்தாள். உட்கார்ந்து படித்தேன். அந்த விலங்கின் பேரினப் பெயர் இனியா. பொலிவியாவில் வாழும் குவாராயோ மக்கள் அதை அழைத்த பெயரை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் தொர்பின்யி அப்படியே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார். நம் இனிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஒலி மட்டும் ஒன்று. அந்தத் தேடலில்தான் இனியா ஓங்கிலின் மிக நெருங்கிய சொந்தமான இஸ்த்மினியா கண்ணில் பட்டது. இரண்டு பெரிய நிலங்களைச் சேர்க்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆங்கிலத்தில் இஸ்த்மஸ் என்று பெயர். அந்தச் சொல்லையும் இனியாவையும் சேர்த்து வைத்த பெயர் அது.

எலும்பு கிடைத்தது பனாமா நாட்டின் கரீபியன் கரையில், பின்யா என்ற ஊருக்குப் பக்கத்தில். 2011இல் டியோசெலினா விஹில் என்ற மாணவி பார்த்திருக்கிறார். கடல் ஏறி இறங்கும் இடத்துப் பாறை அது. அடுத்த ஏற்றம் வருவதற்குள் சுற்றி வெட்டி, பிளாஸ்டர் கட்டு போட்டு, மொத்தமாகப் பெயர்த்தெடுத்தார்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நிக்கோலஸ் பையென்சனும் அவரோடு ஐந்து பேரும் பியர்ஜே அறிவியல் இதழில் அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஐந்து பேரில் விஹிலும் ஒருவர். கட்டுரை யாரும் படிக்கலாம், காசு இல்லை. எலும்பின் முப்பரிமாண ஸ்கேனும் ஸ்மித்சோனியனின் தளத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. எங்கோ ஓர் அருங்காட்சியக அலமாரியில் இருக்கும் எலும்பு என் வீட்டு மேசைக்கு வந்தது இந்த இரண்டும் திறந்திருந்ததால்தான்.

அவர்கள் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை ஒரே ஒரு விலங்கின் சில பாகங்கள்: பாதி மண்டையோடு, ஏறக்குறைய எல்லாப் பற்களும் உள்ள கீழ்த்தாடை, வலது தோள்பட்டை எலும்பு, துடுப்பின் மணிக்கட்டுப் பகுதியிலிருந்து இரண்டு சிறு எலும்புகள். அவ்வளவுதான். இவற்றை வைத்து விலங்கு சுமார் 2.8 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இந்த ஓங்கிலை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அது கிடந்த பாறை. இன்றைய இனியா அமேசானிலும் ஒரினோக்கோவிலும் வாழும் ஆற்று விலங்கு. ஆனால் அதன் சொந்தம் கிடைத்த சாக்ரஸ் பாறைப்படிவு சுத்தமான கடல் படிவு. வடஅமெரிக்காவும் தென்அமெரிக்காவும் பனாமாவில் முழுதாக ஒட்டிக்கொண்டது சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இஸ்த்மினியா வாழ்ந்தபோது பசிபிக் தண்ணீரும் கரீபியன் தண்ணீரும் இன்னும் கலந்துகொண்டிருந்தன. ஆக, கடலில் இருந்த குடும்பத்தில் ஒரு கிளை ஆற்றுக்குள் ஏறிப் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் கடல்மட்டம் உயர்ந்து, அமேசான் சமவெளிக்குள் தண்ணீர் ஏறியபோது அது நடந்திருக்கலாம் என்பது கட்டுரை எழுதியவர்களின் கருத்து. கங்கை ஓங்கிலும், சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்த பைஜி ஓங்கிலும் தனித்தனியாக வேறு வேறு காலத்தில் இதே காரியத்தைச் செய்தவை. அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் இல்லை. நீண்ட அலகு மட்டும் எல்லாருக்கும் வாய்த்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கோப்பு

இறக்கிய ஸ்கேன் கோப்பை ஸ்லைசரில், அதாவது உருவத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருளில், திறந்தேன். தட்டு காலியாக இருந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்கினேன், மறுபடியும் காலி. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது தட்டின் நடுவில் அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஏதோ இருந்தது. அதுதான் மண்டையோடு. இந்த மாதிரிக் கோப்புகளில் எண் மட்டும்தான் இருக்கும், அது மீட்டரா மில்லிமீட்டரா என்று எழுதியிருக்காது. ஸ்கேன் மீட்டர் கணக்கில் இருந்திருக்கிறது, ஸ்லைசர் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. 1000 மடங்கு பெரிதாக்கியதும் தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு வந்து நின்றது.

ஆயிரத்தால் பெருக்கியதால் அளவு சரியாகிவிட்டது என்று அப்படியே போய்விடக் கூடாது. கட்டுரையில் எலும்பின் அளவுகள் அட்டவணையாக இருக்கின்றன. அதில் மூன்று அளவுகளை எடுத்து, திரையில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து பார்த்தேன். பொருந்திய பிறகுதான் அடுத்த வேலை. இந்தக் கால் மணி நேரத்தைச் சோம்பலில் விட்டிருந்தால் ஒன்பது வாரமும் வீண்.

அடுத்த சிக்கல் கோப்பின் கனம். கணினியில் எலும்பின் பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. இதில் பல லட்சம் முக்கோணங்கள், என் பழைய லேப்டாப் மூச்சு வாங்கியது. முக்கோணங்களைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். பார்க்க அழகாக, வழுவழுவென்று இருந்தது. ஆனால் இரண்டு எலும்புகள் சேரும் கோடு, சாக்குமூட்டைத் தையல் மாதிரி நெளிந்து போகுமே, அது பாதி இடங்களில் காணாமல் போயிருந்தது. எந்த எலும்பு எங்கே முடிகிறது என்று சொல்வது அந்தக் கோடுதான். பழையபடி எடுத்து, பாதியாக மட்டும் குறைத்தேன். மண்டையோட்டின் மேல்பக்கம் மட்டும் குறைக்கவே இல்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர நேரம் இருந்தது. பரவாயில்லை.

என் பிரிண்டரின் தட்டு 220க்கு 220 மில்லிமீட்டர், உயரம் 250. மண்டையோடு ஒரே துண்டாக அதில் கொள்ளாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மண்டையோட்டை ஏழு துண்டாகவும் தாடையை நான்கு துண்டாகவும் வெட்டினேன். இங்கே ஒரு யோசனை. ஸ்கேனில் ஏற்கெனவே விரிசல்கள் தெரியும். விரிசல் ஓடும் வழியிலேயே வெட்டினால் ஒட்டு தெரியாமல் மறைந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால், பார்ப்பவருக்கு எது 60 லட்சம் ஆண்டு பழைய விரிசல், எது நான் போட்ட வெட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அதனால் விரிசல் இல்லாத, வெறுமையான இடமாகப் பார்த்து நேர்கோட்டில் வெட்டினேன். நேர்கோடு எப்போதும் மனிதன் போட்டது, யாருக்கும் தெரிந்துவிடும்.

அச்சு

பி.எல்.ஏ. பிளாஸ்டிக், 0.4 மில்லிமீட்டர் நாசில் (பிளாஸ்டிக் உருகி வெளியே வரும் முனை), அடுக்கு 0.2 மில்லிமீட்டர், சூடு 205 டிகிரி, தட்டு 60. உள்ளே 12 சதவீதம் நிரப்பு. மொத்தம் 150 மணி நேரத்துக்கு மேல் ஓடியது, இரண்டே கால் கிலோ ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) தீர்ந்தது.

முதல் துண்டு முழுக்க நூலாம்படை. மழைக்காலத்தில் திறந்து வைத்த ஃபிலமென்ட் ஈரத்தை இழுத்திருக்கிறது. நாசிலில் இருந்து சின்னச் சின்னதாகப் 'பட் பட்' என்று சத்தம் வந்தால் அது ஈரம்தான். உலர்த்தும் பெட்டி என்னிடம் இல்லை. பிரிண்டர் தட்டையே 50 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் ஸ்பூலைப் படுக்க வைத்து, அட்டைப்பெட்டியால் மூடி ஆறு மணி நேரம் விட்டேன். பெட்டியின் மேலே ஆவி போக நாலு ஓட்டை. நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். சத்தம் நின்றுவிட்டது. அதன்பிறகு ஸ்பூலைப் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு போட்டே வைத்தேன்.

கரண்ட் இரண்டு முறை போனது. பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும், அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. தாடையின் உள்பக்கம் என்பதால் அப்படியே விட்டேன்.

பெரிய அடி அலகில்தான் விழுந்தது. நீளமான துண்டு, அதை நட்டமாக நிறுத்தி அச்சிட்டேன். நின்றபடி வந்தால் சப்போர்ட் (அந்தரத்தில் நிற்கும் பகுதியைத் தாங்கப் பிரிண்டர் போடும் தற்காலிகத் தாங்கல்) குறைவு, பல் குழிகள் இரண்டு பக்கமும் சுத்தமாக வரும் என்ற ஆசை. வந்ததும் சுத்தமாகத்தான் வந்தது. அடியில் ஒட்டியிருந்த சப்போர்ட்டைக் குறடால் பிடித்து இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், அலகின் முன்பகுதி கையோடு வந்துவிட்டது. வெட்டிய வாழைத்தண்டு மாதிரி நேராக, ஓர் அடுக்கு பிரிந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. பதினாறு மணி நேர வேலை.

இது பிளாஸ்டிக்கின் குற்றம் இல்லை. அடுக்குகளைத் தோசை அடுக்குவது மாதிரி அடுக்குகிறோம். ஒரு தோசையைக் குறுக்கே கிழிப்பது கஷ்டம், தோசைக்குத் தோசை பிரிப்பது சுலபம். நீண்டு மெலிந்த எதையும் நட்டமாக அச்சிட்டால், அதன் பலவீனமான தளம் சரியாக உடையக்கூடிய திசையிலேயே அமைந்துவிடும்.

மறுபடி அச்சிட்டபோது தட்டுக்கு 35 டிகிரி சாய்வாகப் படுக்க வைத்தேன். சப்போர்ட் நிறையத் தின்றது, பல் குழிகளின் ஒரு பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக வந்தது. கூடவே பிளெண்டரில் அலகின் நடுவே 2.4 மில்லிமீட்டர் துளை ஒன்று நீளவாக்கில் விட்டேன். சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி கேட்டு வாங்கினேன், அது 2 மில்லிமீட்டர் தடிமன். உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் பசை தடவி உள்ளே செலுத்தி, மூன்று துண்டுகளையும் அதில் கோத்து, சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டி ஓர் இரவு விட்டேன். வேகமாகக் காயும் பசை வேண்டாம், மெதுவாகக் காய்வதுதான் இதற்கு உறுதி. அடுத்த நாள் அலகின் நுனியைப் பிடித்தே மண்டையோட்டைத் தூக்க முடிந்தது.

கீழ்த்தாடையில் நடந்தது வேறு. முன்பக்கம் இரண்டு கிளையும் ஒன்றாகச் சேர்ந்து, பின்பக்கம் விரியும், உண்டிவில் கவட்டை மாதிரி. ஒட்டி, சாம்பல் பிரைமர் அடித்து, மழை விட்ட ஒரு நாள் மொட்டைமாடியில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாடை பார்க்க அப்படியேதான் இருந்தது. மண்டையோட்டின் அடியில் பொருத்தியபோதுதான் தெரிந்தது, இரண்டு மூட்டும் ஒரே நேரத்தில் உட்காரவில்லை. அளந்தால் கவட்டை 9 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. பி.எல்.ஏ. 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். வெயிலில் கருஞ்சாம்பல் நிறப் பொருள் அந்தச் சூட்டை எட்ட அரை மணி நேரம் போதும் போல.

திருத்திய விதம்: தாடையின் மேல்தோற்றத்தை நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து ஒரு பலகையில் ஒட்டினேன். கோட்டுக்கு வெளிப்பக்கமாக ஆணி அடித்தேன். அகலமான அண்டாவில் 70 டிகிரி வெந்நீர், அதில் தாடையின் பின்பக்கத்தை மட்டும் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, எடுத்து ஆணிகளுக்கு நடுவே வைத்து, ஈரத்துணி போட்டு ஆற விட்டேன். இரண்டாவது முறையில் சரியாக உட்கார்ந்தது. அதன்பிறகு எதையும் வெயிலில் வைக்கவில்லை, மின்விசிறிதான்.

பற்களைப் பற்றி ஒன்று. என் பிரிண்டரில் பல்நுனி எல்லாம் கட்டைவிரல் நுனி மாதிரி மழுங்கி வந்தது. எம்-சீல் உருட்டி நுனி செய்து ஒட்டிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் அது என் கற்பனைப் பல். ரெசின் பிரிண்டர் (திரவப் பிசினை ஒளியால் இறுக்கி நுணுக்கமாக அச்சிடுவது) வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் தாடையின் பல்வரிசைத் துண்டுகளை மட்டும் கொடுத்து அச்சிட்டு வாங்கினேன். இப்போது ஒவ்வொரு பல்லும் கூம்பாக, தனித்தனியாக நிற்கிறது. இனியா வந்தபோது இவற்றைத்தான் முதலில் தொட்டாள். இன்றைய இனியா ஓங்கிலுக்கு முன்பற்கள் கூம்பு, பின்பற்களில் மட்டும் உள்பக்கமாக ஒரு திண்டு இருக்கும். ஓடும் செதிலும் உள்ள இரையை நொறுக்க அது உதவும். ஓங்கில்களிலேயே அப்படி இரண்டு வகைப் பல் அதற்குத்தான்.

இல்லாத பக்கம்

இந்த வேலையில் எனக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். கையில் இருப்பது பாதி மண்டையோடு. ஒரு பக்கத்தில் எலும்பு இருந்து, மறுபக்கத்தில் இல்லாத இடங்கள் இருக்கின்றன. பிளெண்டரில் இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். நடுக்கோட்டை வைத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால் இல்லாத பக்கம் வந்துவிடும். போட்டேன். வந்தது. திரையில் முழு மண்டையோடு சுழன்றதைப் பார்த்து உண்மையிலேயே மனம் நிறைந்துவிட்டது. மூன்று துண்டுகளை அச்சிட்டும் விட்டேன்.

அன்று இரவு கட்டுரையை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன், மூக்குத்துளைப் பக்கத்து எலும்புகளைப் பற்றிய பகுதி. அப்போதுதான் தலையில் உறைத்தது. ஓங்கிலின் மண்டையோடு நம்முடையது மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஓங்கில்களும் விந்துத் திமிங்கிலமும் சேர்ந்த பல்லுள்ள திமிங்கிலக் கூட்டத்தில், பெரும்பாலானவற்றுக்கு மேல்மண்டையின் மூக்கெலும்புகள் இடப்பக்கமாக ஒதுங்கி இருக்கும். ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இரை தேடும் விலங்குகள் இவை. அந்த ஒலி உருவாவது மூச்சுத்துளைக்குக் கீழே உள்ள குழாய்ப்பகுதியில்தான். கோணல் இருப்பதும் அங்கேதான். எவ்வளவு கோணல் என்பது இனத்துக்கு இனம் மாறும். இனியா ஓங்கிலுக்குக் கொஞ்சம்தான். அதன் இன்னொரு சொந்தமான, பிரேசில் முதல் அர்ஜென்டினா வரை கடலோரத்தில் வாழும் பொண்டோபோரியாவுக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே இஸ்த்மினியாவுக்கு எவ்வளவு என்பது ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. நான் கண்ணாடிப் பிம்பம் போட்டதும், 'துளிகூடக் கோணல் இல்லை' என்று அந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதிவிட்டேன். அதையும் எலும்பு நிறத்தில் பூசி வைத்தால் பார்ப்பவர் நம்பிவிடுவார்.

அடுத்த இரண்டு நாள் அந்த மூன்று துண்டுகளையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு நிறம் பூசிவிடலாமா? பல அருங்காட்சியகங்களில் சேர்த்த பகுதியை வேறு சாயலில் விடுவது வழக்கம். அது நல்ல வழிதான். ஆனால் வேறு நிறமாக இருந்தாலும், மேடும் பள்ளமுமாக நுணுக்கமாகச் செதுக்கிய ஒரு பரப்பு 'இதெல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்' என்று சொல்லும். எனக்குத் தெரிந்தது வெளிவிளிம்பு சுமாராக எங்கே போயிருக்கும் என்பது மட்டும். தெரிந்த அளவுக்குத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதனால் கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடையில் 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி எடைபோட்டு வாங்கினேன். இனியா ஓங்கிலின் மண்டையோட்டை மேலிருந்து எடுத்த படத்தை வைத்து, அதன் விளிம்பை இஸ்த்மினியாவின் அளவுக்குப் பெரிதாக்கிக் காகிதத்தில் அச்சடித்து, அதன்மேல் கம்பியை வைத்து வளைத்தேன். நேராகக் கையால் வளைத்தால் முடிச்சு முடிச்சாக வரும். கம்பியை முதலில் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகிவிடும், அப்புறம் ஒரு டம்ளரின் வளைவில் அழுத்தினாலே சொன்னபடி கேட்கும். மேலே இருக்கும் எனாமல் பூச்சு அப்போதே எரிந்து போகும், புகை வரும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். எலும்பு முடியும் இடத்தில் 2 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் துளை போட்டு, கம்பியின் இரண்டு நுனியையும் உள்ளே விட்டு அரால்டைட்.

மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் காற்றில் வரைந்த ஒரு கோடு. கண் தானாக அந்தக் கோட்டை நிரப்பிக்கொள்கிறது.

அந்த மூன்று துண்டுகளையும் தூக்கிப் போடவில்லை. நிறம் கலந்து பார்க்க அவைதான் உதவின.

நிறமும் தோள்பட்டையும்

ஒட்டு இடங்களில் என்.சி. பட்டி பூசி, 220, 400 என்று உப்புத்தாள் போட்டேன். ஒட்டில் மட்டும். மற்ற இடங்களில் அடுக்குக்கோடு தெரிகிறதே என்று தேய்க்கப் போனால் எலும்பின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும், அதனால் அப்படியே விட்டேன். ஒரு முழம் தள்ளி நின்றால் கோடு தெரியவில்லை.

கட்டுரையில் உள்ள படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அக்ரிலிக்கில் மஞ்சள் காவியும் கரும்பழுப்பும் கலந்தேன். முதலில் இளம் நிறம் மொத்தமாக. அது காய்ந்ததும் கரும்பழுப்பை டிக்காக்ஷன் பதத்துக்குக் கரைத்து எல்லா இடத்திலும் ஓட விட்டு, ஈரம் போவதற்குள் பழைய பனியன் துணியால் மேட்டை மட்டும் துடைத்தேன். பள்ளத்தில், விரிசலில், அந்தச் சாக்குத்தையல் கோட்டில் எல்லாம் கருப்பு நின்றுகொண்டது. கோப்பைக் குறைக்காமல் விட்டதற்குப் பலன் இங்கேதான் தெரிந்தது. கடைசியாகப் பளபளப்பு இல்லாத வார்னிஷ் ஒரு கை.

தோள்பட்டை எலும்பைப் பிரிண்டரில் செய்யவில்லை. விசிறி மாதிரி அகலமாக, ஓரத்தில் மெல்லிசாக இருக்கும் எலும்பு. கட்டுரைப் படத்தில் அளவுகோல் போட்டிருப்பதால் அதை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி, 5 மில்லிமீட்டர் சன்போர்டில் (நுரைப்பலகை) ஒட்டி, கட்டர் கத்தியால் வெட்டிவிட்டேன். தட்டையான நிழல் உருவம் மட்டும்தான், அதனால் அதற்கு எலும்பு நிறம் பூசாமல் சாம்பலாகவே வைத்தேன். மணிக்கட்டு எலும்பு இரண்டும் களிமண்ணில் உருட்டியவை, அவையும் சாம்பல். ஆக, பலகையில் மூன்று சங்கதி இருக்கிறது: பழுப்பு என்றால் ஸ்கேனில் இருந்து நேராக வந்தது, சாம்பல் என்றால் படத்தைப் பார்த்துக் கையால் செய்தது, செம்பு என்றால் ஊகம்.

கழுத்தை என்ன செய்வது என்று இனியா கேட்டாள். இன்றைய இனியா ஓங்கிலுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகாமல் தனித்தனியாக இருக்கும், அதனால் வெள்ளத்தில் மூழ்கிய மரங்களுக்கு நடுவே தலையைத் திருப்பித் திருப்பி நீந்தும். கடல் ஓங்கில்கள் பலவற்றுக்கு அவற்றில் சில இறுகிச் சேர்ந்திருக்கும். இஸ்த்மினியாவின் கழுத்தெலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "அப்போ இது திரும்பிப் பார்க்குமா பார்க்காதான்னு தெரியாதா மாமா?" என்றாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் மண்டையோட்டின் பின்பக்கத்தையே பார்த்தாள். "சரி, அந்த இடத்துல கம்பியும் வேணாம்" என்றாள். அவள் சொன்னது சரி. அங்கே விளிம்பு போடக்கூட நம்மிடம் ஒன்றும் இல்லை. மண்டையோட்டுக்குப் பின்னால் பலகையை ஒரு சாண் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

பலகை பழைய கட்டில் சட்டம், தேக்கு. மண்டையோட்டைத் தாங்க 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி இரண்டு, நுனியில் ரப்பர் குழாய். தாடை தனியாக எடுக்க வரும், மேலே தூக்கிப் பிடித்து வாயைத் திறந்து மூடிக் காட்டலாம். பெயர்ச்சீட்டை இனியா எழுதினாள்: பெயர், பின்யா, 2011, கண்டவர் டியோசெலினா விஹில், வயது 61 முதல் 58 லட்சம் ஆண்டு, மூன்று நிறத்துக்கும் விளக்கம்.

அவள் பள்ளி அறிவியல் அறைக்குப் போக வேண்டியது இது. அங்கே பிள்ளைகள் தொடுவார்கள், தொடத்தான் வேண்டும். பல்லும் அலகும் தாங்கும் என்று பார்த்துவிட்டேன். செம்புக் கம்பிதான் இன்னும் விரல் பட்டால் அசைகிறது. காய்ச்சி இளக்கியதை மறுபடி இறுக்க, வளைத்த வடிவம் மாறாமல் மரச்சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும், நடுவில் மண்டையோட்டிலிருந்து இன்னொரு தாங்கு கம்பியும் கொடுக்க வேண்டும். இந்த வாரம் அந்த வேலை.